நரம்பு வலி மாத்திரையை விட முடியவில்லை... நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா?

திருப்பூரிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். மூன்று வருடங்களுக்கு முன்பு இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி இறங்கியது. ஸ்கேன் எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாகத் தெரிந்தது. டாக்டர் ப்ரீகாபலின் 75 மில்லிகிராமும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்த கேப்சூலை, இரவில் ஒன்று என ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்தார். மாதம் முடிந்ததும் இவர் திரும்பப் போகவில்லை. "நரம்புக்குச் சத்து மாத்திரைதானே அக்கா" என்று மெடிக்கலில் சொன்னதால், அதே பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்தார். ஒன்று இரண்டாகி, 75 என்பது 150 ஆகி, இப்போது காலையில் 150, இரவில் 150. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாட்களில் கூடுதலாக ஒன்று. சமீபமாக, கால் வலிக்காமல் மனசு சரியில்லாத நாட்களிலும் ஒன்று. தூக்கத்துக்காக எட்டு மாதமாக அல்ப்ரசோலம் 0.25, அதுவும் அதே கடையில். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் மூன்றும் சேர்ந்த மாத்திரை.

உடம்பு 9 கிலோ ஏறியிருக்கிறது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. வைத்த பொருள் வைத்த இடம் மறக்கிறது. இந்த ஒரு வருடத்தில் மட்டும் இரண்டு முறை மிஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. இருபது வருடத் தையலில் அப்படி நடந்ததே இல்லையாம். யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவோடு மாத்திரையை அடியோடு நிறுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, இரண்டு இரவு பொட்டுத் தூக்கமில்லை, இரண்டு கால்களும் எரிந்து துள்ளின, செத்துப்போய்விடுவோம் என்ற பயம். திங்கட்கிழமை காலை ஒரு கேப்சூல் போட்டதும் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. அதன் பிறகுதான் பயம் அதிகமாகியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள், ஊசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்த ஸ்ட்ரிப்புகளைப் பார்த்துவிட்டாள். "இது போதை மாத்திரை, நியூஸ்ல வந்துச்சு" என்கிறார் கணவர்.

அவர் கேட்பவை: நான் அடிமையாகிவிட்டேனா? நிறுத்தினால் நரம்பு செத்துவிடுமா? என்னைக் கொண்டுபோய் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடுவார்களா? மகளிடம் என்ன சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. இதைப் படித்துவிட்டு இன்றிரவு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் இப்போது எடுக்கும் அளவில் திடீரென நிறுத்துவது ஆபத்து. தூக்கம் கெடும், வியர்க்கும் என்பதோடு போகாது. சிலருக்கு வலிப்பு வரும். அதிலும் நீங்கள் அல்ப்ரசோலமும் சேர்த்து எடுக்கிறீர்கள். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரும் வாய்ப்பு இன்னும் கூடும். அன்று திங்கட்கிழமை மாத்திரையைத் திரும்பப் போட்டதற்காக உங்களையே திட்டிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலைமையில் நீங்கள் செய்தது சரி.

அந்த மூன்று நாள் நடந்தது என்ன?

ப்ரீகாபலின் சத்து மாத்திரை அல்ல. கூடவே சேர்த்திருக்கும் மெத்தில்கோபாலமின் மட்டும்தான் வைட்டமின் பி12. இரண்டும் ஒரே கேப்சூலில் வருவதால்தான் கடைக்காரர் வாயில் எல்லாமே "நரம்பு சத்து" ஆகிவிடுகிறது. இந்தத் தவறான பெயரால் நம் ஊரில் எத்தனையோ பேர் இந்த மருந்தை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ப்ரீகாபலின், வலிப்பு நோய்க்கும் தரப்படும் மருந்து. நரம்பு செல்களுக்குள் கால்சியம் நுழையும் வாசலில் போய் ஒட்டிக்கொண்டு, ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு அனுப்பும் சேதியின் வேகத்தைக் குறைக்கிறது. வலிச் சேதி மட்டுமில்லை, பதற்றச் சேதியும் குறைகிறது. மனசு சரியில்லாத நாளில் ஒன்று போட்டால் நிம்மதியாக இருந்தது என்றீர்களே, அதன் காரணம் இதுதான்.

கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்க, உள்ளேயிருந்து நீங்கள் முட்டுக்கொடுத்துப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளியவர் சட்டென்று கையை எடுத்தால் என்ன ஆகும்? முட்டுக்கொடுத்த வேகத்தில் நீங்களே முன்னால் போய் விழுவீர்கள். மூன்று வருடமாக மருந்து நரம்புகளை அமுக்கிவந்தது; மூளை அதை ஈடுகட்ட நரம்புகளை முடுக்கிவந்தது. வெள்ளிக்கிழமை மருந்து போய்விட்டது, முடுக்கம் மட்டும் அப்படியே மிஞ்சியது. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 6 மணி நேரம் போதும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக்குள் உச்சத்துக்குப் போனது. உங்கள் இடது கால் நரம்பு மட்டும் கெட்டிருந்தால் வலது கால் ஏன் எரிய வேண்டும்? வயிறு ஏன் போக வேண்டும்? இவை மருந்து விலகிய அறிகுறிகள். நரம்பு செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் இல்லை. ப்ரீகாபலின் நரம்பைக் காப்பாற்றி உயிரோடு வைத்திருக்கும் மருந்தும் இல்லை; வலியை மறைக்கும் மருந்து, அவ்வளவே. அதை முறையாகக் குறைத்து நிறுத்துவதால் எந்த நரம்பும் சாகாது.

அடிமையா, இல்லையா?

உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. பழகிப்போவது சொன்னபடி மாத்திரை போடும் யாருக்கும் நடக்கலாம். அதில் உங்கள் குணத்துக்குச் சம்பந்தமே இல்லை. அடிமைத்தனம் என்றால் மருந்தைத் தேடி மனம் அலையும், அளவு கையை மீறும், கெடுதல் என்று கண்ணால் பார்த்த பிறகும் விட முடியாது, வாங்குவதற்காகப் பொய் சொல்லத் தோன்றும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் பெரும்பாலும் முதல் வகை. ஆனால் எல்லாம் சரியென்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. கால் வலிக்காதபோதும் மனதுக்காக ஒன்று போட்டது, ஊசி டப்பாவில் ஒளித்தது, இந்த இரண்டும் அடுத்த வகையின் வாசற்படி. படியில்தான் நிற்கிறீர்கள், உள்ளே போகவில்லை. டாக்டரிடம் போகும்போது இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறைக்கும் வேகத்தையும் மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டுமா என்பதையும் அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இந்த மருந்தைப் போதைக்காக அளவுக்கு மீறி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டுக்கு மூன்று வருடம் மருந்து கொடுத்தது அந்தக் கடையின் தவறு. அதே சமயம், வலிக்காக டாக்டர் எழுதிய மருந்தில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் போதைக்காரர் என்று பேசுவது அநியாயம். இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

இந்த மருந்து உங்களுக்குத் தேவைதானா?

இதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசவே இல்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. டிஸ்க் பிதுங்கி காலில் இறங்கும் வலிக்கு ப்ரீகாபலின் பெரிய பலன் தருவதில்லை. ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் இதைச் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று கேப்சூல். எட்டு வாரம் கழித்துப் பார்த்தாலும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் கால் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தலைசுற்றல் மட்டும் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகம். 2020-ல் பிரிட்டனின் அரசு வழிகாட்டு நெறிகளும் இந்த வகைக் கால் வலிக்கு ப்ரீகாபலின் தர வேண்டாம் என்று மாற்றி எழுதப்பட்டன.

"ஆனால் மாத்திரை போட்டால் எனக்கு வலி குறைகிறதே" என்பீர்கள். முதல் சில மாதங்களில் குறைந்த வலியில் பெரும்பகுதி டிஸ்க் தானாக ஆறியதால் இருக்கலாம்; பிதுங்கிய டிஸ்க் பலருக்கும் மாதக்கணக்கில் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு வேளை தவறினால் காலில் எரிச்சல், போட்டால் நிம்மதி என்று வந்ததில் ஒரு பங்கு பழைய வலி இல்லை, மருந்து இறங்கும்போது வருகிற வலி.

இன்னொன்று. இரவில் இரண்டு பாதங்களும் எரிகின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது டிஸ்க் வலி மாதிரி தெரியவில்லை. சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பாக இருக்கலாம். மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்தும் இப்படி எரியலாம். நீங்கள் கேப்சூலிலேயே பி12 எடுத்துவருவதால் அந்த வாய்ப்பு குறைவு. சர்க்கரை நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் உண்மையிலேயே வேலை செய்யும். டுலாக்ஸெடின், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. ஆகவே குறைக்கத் தொடங்குமுன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டும் பார்த்துவிடுங்கள். முடிந்தால் பி12 அளவும்.

கிரியாட்டினின் ஏன் என்றால், ப்ரீகாபலின் அநேகமாக முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. நீங்கள் சர்க்கரை உள்ளவர், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் அடிக்கடி போட்டிருக்கிறீர்கள்; இரண்டுமே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே போயிருந்தால், இன்று நீங்கள் எடுக்கும் 300 மில்லிகிராம்தான் அதற்கு மேல் போகவே கூடாத உச்ச அளவு. 30-க்கும் கீழே என்றால் அது இரட்டிப்பு. மறதிக்கும், விரலில் ஏறிய ஊசிக்கும் இதுகூடக் காரணமாக இருக்கலாம். கணுக்கால் வீக்கமும் எடையும் ப்ரீகாபலினால் வரும், பயோகிளிட்டசோனாலும் வரும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் அதிகமாக வரும். சர்க்கரை டாக்டரிடம் ப்ரீகாபலின் எடுப்பதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் இந்த வாரமே சொல்லுங்கள்.

குறைக்கும் முறை

கீழே இருப்பது நீங்கள் டாக்டரிடம் கையில் எடுத்துப்போய்ப் பேசுவதற்கான திட்டம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர் மாற்றலாம். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டாலும், அதை முதலில் சொல்லுங்கள். அப்போது கணக்கே வேறு.

முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்க வேண்டாம். காலை 8 மணிக்கு 150, இரவு 8 மணிக்கு 150. கூடுதல் கேப்சூல் கிடையாது, ஒன்றரை ஷிப்ட் நாளிலும் கிடையாது. இது சுலபம் போலத் தெரியும். உங்களுக்கு இதுதான் முதல் பரீட்சை. ஏறி இறங்கும் அளவிலிருந்து குறைக்க ஆரம்பித்தால், எந்த அறிகுறி எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதன் பிறகு ஒரு படிக்கு 25 மில்லிகிராம், ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம்:

காலை 125, இரவு 150
காலை 100, இரவு 150
காலை 100, இரவு 125
காலை 75, இரவு 125
காலை 75, இரவு 100
காலை 75, இரவு 75
காலை 50, இரவு 75
காலை 50, இரவு 50
காலை 25, இரவு 50
காலை 25, இரவு 25
இரவு மட்டும் 25
பிறகு நிறுத்தம்

ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் "குறைந்தது ஒரு வாரத்தில் படிப்படியாக" என்று போட்டிருக்கும்; வாரத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை குறைக்கும் முறையும் உண்டு. சில வாரமே எடுத்தவர்களுக்கு அது ஒத்துவரும். மூன்று வருடம் எடுத்து, ஒருமுறை நிறுத்திப் பார்த்துப் பயந்திருக்கும் உங்களுக்கு அந்த வேகம் வேண்டாம்.

முதல் படியில் 300-லிருந்து 25 போவது பன்னிரண்டில் ஒரு பங்கு. 100-லிருந்து 25 போவது கால் பங்கு. 50-லிருந்து 25 என்றால் பாதியே போய்விடுகிறது. ஒரே 25 தான், ஆனால் கீழே வர வர உடம்புக்கு அது பெரிதாகத் தெரியும். இது தெரியாமல், "300-லிருந்து 100 வரை சமாளித்தேன், கடைசி 50-ஐ விட முடியவில்லையே, என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்று மனம் உடைந்து பலர் முதல் படிக்கே ஏறிவிடுகிறார்கள். 100-க்குக் கீழே வந்ததும் ஒவ்வொரு படிக்கும் மூன்று அல்லது நான்கு வாரம் கொடுங்கள். மொத்தம் எட்டு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

25, 50 மில்லிகிராம் கேப்சூல் எல்லாக் கடையிலும் இருக்காது. பத்து நாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். சீட்டில் "ப்ரீகாபலின் மட்டும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கையில் ஸ்ட்ரிப் வாங்கியதும் பின்பக்கம் திருப்பி, பெயருக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். மெத்தில்கோபாலமின் என்று இருந்தால் பாதகமில்லை. நார்ட்ரிப்டிலின் என்று இருந்தால் வாங்காதீர்கள். அது வேறொரு மருந்து, அதைக் கூட்டிக் குறைப்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும். "எஸ்.ஆர்" என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சாதா கேப்சூலையும் திறந்து பொடியைக் கண்ணளவில் பாதியாக்க வேண்டாம்; ஒரு நாள் 40, மறுநாள் 20 என்றுதான் போகும்.

வழக்கமாக எங்கே தவறுகிறது?

"ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நிறுத்திவிடு" என்று பக்கத்து டேபிளில் யாராவது நல்ல மனதோடு சொல்வார்கள். அந்த யோசனை இந்த மருந்துக்கு உதவாது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் மருந்து 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஒருநாள் விட்டால் வாரத்துக்கு மூன்று முறை அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் அனுபவிப்பீர்கள். அளவைக் குறைக்கலாம், நாளைத் தாண்டக் கூடாது. கடைசிப் படிக்கு முன்பு வரை காலை, இரவு இரண்டு வேளையையும் விடாதீர்கள்.

கடையில் "இதுக்குப் பதில் கேபாபென்டின் போடுங்க, அது பழக்கமாகாது" என்று சொல்லக்கூடும். கேபாபென்டின் இதே குடும்பம், இதே வாசலில்தான் போய் ஒட்டுகிறது. அதையும் பிறகு குறைக்கத்தான் வேண்டியிருக்கும். பெயர் தெரியாத "மூலிகை நரம்பு மாத்திரை"யும் வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரையையும் காட்டிவிட்டுப் பாருங்கள். ப்ரீகாபலினை நிறுத்துவது மட்டும் இந்தப் படிக்கணக்கிலேயே நடக்கட்டும்.

அல்ப்ரசோலத்தைப் பற்றி. இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்காதீர்கள். எது முதலில் என்பதை டாக்டர் சொல்லட்டும். ப்ரீகாபலின் முதலில் என்று முடிவானால், அதுவரை அல்ப்ரசோலம் 0.25-லேயே நிற்க வேண்டும். தூக்கம் வராத இரவில் ஒன்று ஒன்றரையாகவும், பிறகு இரண்டாகவும் மாறிவிட்டால், ஒரு மாத்திரையிலிருந்து வெளியே வந்து இன்னொன்றில் விழுந்த கதையாகிவிடும். வலிக்கு எடுக்கும் வேறு மாத்திரைகளில் டிராமடால், டாபென்டடால் என்ற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ரீகாபலினும் அவையும் தூக்க மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால், சில மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

ஒவ்வொரு படியிலும் என்ன எதிர்பார்க்கலாம்?

அளவைக் குறைத்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை தூக்கம் மெலிதாகும், கொஞ்சம் வியர்க்கும், எரிச்சல் வரும், கால் கூடுதலாக வலிக்கும். பிறகு இறங்கும். இரண்டாவது வாரக் கடைசியில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அடுத்த படி. வராவிட்டால் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள். தாங்கவே முடியாவிட்டால் ஒரே ஒரு படி மேலே போங்கள், 300-க்குத் திரும்பாதீர்கள். கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரத்தில், வீட்டில் கல்யாணம், காது குத்து இருக்கும் வாரத்தில் புதிய படியைத் தொடங்க வேண்டாம்.

வலி கூடும்போது அது மருந்து விலகும் வலியா, டிஸ்க் வலியா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அளவு குறைத்த தேதியை ஒட்டி வந்து, இரண்டு காலிலும் பரவி, வியர்வையும் தூக்கமின்மையும் துணைக்கு வந்து, நாளாக ஆகக் குறைந்தால் அது மருந்து விலகுவது. இடது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை ஒரே கோடாக இறங்கி, இருமினால், தும்மினால், நீண்ட நேரம் உட்கார்ந்தால் கூடி, தேதிக்குச் சம்பந்தமில்லாமல் நீடித்தால் அது டிஸ்க். இரண்டாவது வகைக்கு உடற்பயிற்சி சிகிச்சைதான் நம்பத் தகுந்த வழி. எட்டு மணி நேரம் குனிந்து பவர் டேபிளில் உட்காருகிறவருக்கு, 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இடுப்பைப் பின்னால் வளைத்து இரண்டு நிமிடம் நடப்பது எந்தக் கேப்சூலுக்கும் குறைந்ததல்ல. பீஸ் ரேட்டில் இரண்டு நிமிடமும் காசுதான் என்று எனக்குத் தெரியும். ஸ்டூலின் உயரத்தையாவது, முட்டி இடுப்பைவிட உயரமாக நிற்காதபடி, இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

குறைக்கும் மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். வயிறு போனால் ஓ.ஆர்.எஸ் குடியுங்கள், சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றும் நாளில் ஸ்கூட்டியை எடுக்காதீர்கள்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், உட்காரும் இடத்தில் மரத்துப்போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் அது நரம்பு நசுங்கும் அவசரம். அன்றே பெரிய ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தால், குழம்பிப் பேசினால், எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தால் 108. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அது இந்த மருந்தாலும் வரும், மருந்து விலகும்போதும் வரும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மறுவாழ்வு மையம், வேலை, ரகசியம்

உங்கள் நிலைமைக்கு எங்கும் போய்த் தங்க வேண்டிய தேவை தெரியவில்லை. வலிப்பு வந்தவர்கள், 600 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்கள், மதுவோ டிராமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரியில் வைத்துக் குறைப்பது நல்லது. நீங்கள் வீட்டிலிருந்தபடி, வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாம். மாதம் ஒரு முறை ஒரே டாக்டரைப் பார்ப்பது போதும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வெளிநோயாளியாகப் போகலாம், கட்டணம் இல்லை. "மனநலப் பிரிவா" என்று தயங்காதீர்கள். பழகிப்போன மருந்தைக் குறைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அங்கே நீங்கள் சொல்வது வெளியே போகக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. உங்கள் சூப்பர்வைசருக்கோ சொந்தக்காரர்களுக்கோ அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் பரிசோதனை, மருந்து, உடற்பயிற்சி சிகிச்சை எல்லாம் அந்த அட்டையிலேயே பார்க்கலாம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேலை செய்திருந்தால், டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுக்கும் நாட்களுக்கு, பொதுவாக முதல் இரண்டு நாள் நீங்கலாக, 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். கடினமான படி ஒன்றில் நான்கு நாள் மிஷினில் உட்கார முடியாமல் போனால் அந்தச் சம்பளம் உங்கள் உரிமை. நிறையப் பேர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

மகளிடம் என்ன சொல்வது?

நடந்ததை அப்படியே சொல்லுங்கள். "கால் வலிக்கு டாக்டர் கொடுத்தார், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை, உடம்பு பழகிவிட்டது, இப்போது டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்கப் போகிறேன்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஸ்ட்ரிப்புகளை ஊசி டப்பாவிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுங்கள். மருந்துக் கடையில் ஏழு நாளுக்கு, காலை, இரவு என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளும் நீங்களும் உட்கார்ந்து, அந்த வாரப் படியின்படி பதினான்கு அறையையும் நிரப்புங்கள். மிச்சத்தை அவள் வைத்துக்கொள்ளட்டும். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் அன்றைய அளவையும், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் இரண்டே எண்ணாகக் குறித்து வாருங்கள். அடுத்த மாதம் டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துக் கையோடு எடுத்துப் போங்கள்.